புள்ளி ஒன்பது மூன்று

டாக்டரம்மா என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவள் புருஷன்தான். பட்டம் கைக்கு வர இன்னும் எத்தனையோ காலம் கிடக்கிறது. ஆனால் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த அன்றே அந்த மனுஷன் வாசலில் நின்றுகொண்டு, "வாங்க டாக்டரம்மா, ரெண்டு நாளா இடுப்பு வலி, கொஞ்சம் பாருங்க" என்றான். "நான் மொழிக்குத்தான் டாக்டர்" என்றாள் அவள். "அப்ப நாக்க நீட்டட்டுமா?" என்றான் அவன். அன்றோடு பெயர் நிலைத்துவிட்டது. நாமும் அப்படியே கூப்பிட்டுவிட்டுப் போவோம். வெளியில் முறைத்தாலும் உள்ளூர அவளுக்கு அது பிடிக்கும்.

அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் அவள் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் இரண்டாம் நம்பர் சன்னலில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஊர் சனம், இந்தப் பக்கம் இவள். காலை பத்திலிருந்து மாலை வரை ஒரே பேச்சு. ஒரு நாள் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. கேட்டதற்குத்தான் பதில் சொல்கிறோம், அப்புறம் ஏன் இந்த ஆட்கள் பதில் கிடைக்காதவர்களைப் போலவே திரும்பிப் போகிறார்கள்? அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் முப்பத்தொன்பது வயதில், படிப்பு விடுப்பு போட்டுவிட்டு, பயன்பாட்டு மொழியியலில் முனைவர் படிப்புக்குப் போனாள்.

போன பிறகுதான் தெரிந்தது, ஆராய்ச்சி என்று அவள் நினைத்த வேலைக்கு முன்னால் இரண்டு வருஷம் வகுப்பு இருக்கிறது என்று. இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஆறு பாடங்கள். உரையாடல் பகுப்பாய்வு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. புள்ளியியல்தான் உயிரை எடுத்தது. முதல் தேர்வில் பாதி மதிப்பெண்கூட வரவில்லை. தலைகீழாக நின்று படித்து இரண்டாம் தடவை தேறினாள். அந்த ஆறு தாளும் முடிந்து, ஆராய்ச்சிப் பதிவுகளையும் எடுத்து முடித்து, இப்போது உறுதி அமர்வு என்ற வாசலில் நிற்கிறாள். மூன்று பேராசிரியர்கள் உட்கார்ந்து, இதுவரை செய்ததைக் கேட்டு, "சரி, மேலே போ" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னதாக ஒரு கடிதம் வந்தால்தான் அலுவலகம் விடுப்பை நீட்டிக்கும். வராவிட்டால் ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்கு மறுபடி இரண்டாம் நம்பர் சன்னல். வேலையையும் படிப்பையும் சேர்த்து இழுத்தவர்கள் யாரும் அந்தத் துறையில் கரை சேர்ந்ததில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அமர்வு வியாழக்கிழமை. இந்தக் கதை திங்கட்கிழமை தொடங்குகிறது.

திங்கட்கிழமை அவளுடைய வழிகாட்டியின் அறையில் இருந்தாள். மாணவர்கள் அந்த அம்மாவுக்கு வைத்திருக்கும் பெயர் 'ஏன் மேடம்'. எதை எழுதிக் கொடுத்தாலும் ஓரத்தில் பென்சிலால் "ஏன்?" என்று எழுதித் திருப்பிக் கொடுப்பார். நன்றியுரைப் பக்கத்தில்கூட எழுதுவார் என்று சொல்லிக்கொள்வார்கள்.

ஏன் மேடம் ஒரு எண்ணின் மேல் பென்சிலை வைத்தார். "புள்ளி ஒன்பது மூணு."

"ஆமா மேடம்" என்றாள் டாக்டரம்மா, கொஞ்சம் பெருமையோடு.

அந்த எண் என்னவென்று சொல்லிவிடுவது நல்லது. அவள் வேறொரு வட்டாரத்து அலுவலகத்தில் முறைப்படி அனுமதி வாங்கி, சன்னல் பேச்சுகளைப் பதிவு செய்திருந்தாள். அதிலிருந்து இருநூற்று நாற்பது துண்டுகள். ஒவ்வொன்றிலும் எழுத்தர் சொல்லும் வார்த்தை எந்த வகை என்று ஒரு முத்திரை குத்த வேண்டும்: பதில், உதவி, ஆறுதல், விரட்டல். ஆனால் ஒருத்தியே குத்தினால் அது அவள் மனம் போன போக்கு ஆகிவிடும். அதனால் இரண்டாவதாக ஒருவர், முதல் ஆள் போட்டதைப் பார்க்காமல், தனியாக அதே இருநூற்று நாற்பதையும் கேட்டுக் குத்த வேண்டும். இரண்டு பேரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒன்று வந்தால் முழு ஒற்றுமை. புள்ளி ஏழுக்கு மேல் வந்தால் ஆராய்ச்சி நிற்கும். இவளுக்கு வந்ததோ புள்ளி ஒன்பது மூன்று.

"ரொம்ப அழகா இருக்கு" என்றார் ஏன் மேடம். "அதுதான் எனக்குப் பிடிக்கல. ஒரே வீட்ல இருக்கிற புருஷன் பொண்டாட்டியே காபிக்குச் சர்க்கரை போதுமா இல்லையான்னு இவ்வளவு ஒத்துப்போக மாட்டாங்க. ரெண்டாவது ஆள் யாரு?"

"என் நாத்தனார் மேடம். அறிக்கையில எழுதியிருக்கேன். அவ மொழியியல் படிக்கல. ரத்தப் பரிசோதனைக் கூடத்துல வேல. ரொம்ப கவனமான பொண்ணு."

"அவங்க கவனத்தப் பத்தி நான் கேக்கல. அந்தக் கோப்போட பழைய பதிப்பெல்லாம் கணினியில இருக்கும்ல? அதப் பாத்துட்டு வாங்க."

ஆராய்ச்சி மாணவர் அறையில் சன்னலோரம் அவளுக்கு அரை மேசை உண்டு. மீதி அரை மேசை ஒரு இளைஞனின் ஈரக் குடைக்கும் புத்தகங்களுக்கும். உட்கார்ந்து கோப்பைத் திறந்தாள். நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் இருநூற்று நாற்பதையும் முடித்திருந்தாள். அதுவரை சரி. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில், எண்பத்தாறு இடங்களில் முத்திரையை மாற்றியிருந்தாள். எண்பத்தாறும் டாக்டரம்மா என்ன போட்டிருந்தாளோ அதற்கே மாறியிருந்தது.

நாத்தனார் எப்படிப் பார்த்தாள்? இவளுடைய முத்திரைகள் அந்தக் கோப்பில் இல்லையே? இருந்தது. அதே கோப்பில் இரண்டாவது தாளாக இருந்தது. அதை நீக்கிவிட்டு அனுப்புவதற்குப் பதில், கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டு அனுப்பியிருந்தாள் இந்த மகராசி. ஒரு சொடுக்குப் போட்டால் மறைத்தது வெளியே வந்து நிற்கும். ஆராய்ச்சி முறைகள் தாளில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவள் செய்த காரியம் இது. தன் தலையில் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பக்கத்தில் ஆள் இருந்ததால் விட்டாள்.

இதில் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை என்பதும் அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. "பாத்தேன் மேடம், எல்லாம் சரியா இருக்கு" என்று ஒரு வரி எழுதினால் போதும். ஏன் மேடம் கோப்பைத் தோண்ட மாட்டார். வியாழக்கிழமை கடிதம் கைக்கு வந்துவிடும். பேருந்தில் வீடு வந்து சேரும்வரை அந்த ஒரு வரியை மனசுக்குள் ஏழெட்டு விதமாக எழுதிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எல்லா விதமும் நன்றாகவே இருந்தது, அதுதான் எரிச்சல்.

வீட்டில் நாத்தனார் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். புருஷனின் தங்கை. குட்டி என்று கூப்பிடுவார்கள். முப்பத்தாறு வயது ஆகிறது, ஆனாலும் குட்டி. ஐந்து வருஷத்துக்கு முன் கணவன் சாலை விபத்தில் போய்ச் சேர்ந்ததும் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டாள். பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க ரத்தக் குப்பிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறவள். ஒரு சீட்டு மாறினால் யார் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரிந்தவள். அதனால்தானே இவளைப் பிடித்தது!

டாக்டரம்மா கைப்பையைக்கூட வைக்கவில்லை. "குட்டி, அந்த முத்திரையெல்லாம் நீ மாத்துனியா?"

கத்தி நின்றது. "எத அண்ணி?"

"நடிக்காத. எண்பத்தாறு."

குட்டி கத்தியைக் கீழே வைத்தாள். "முழுசா ஒத்துப்போனா சந்தேகம் வரும்னு பன்னெண்ட மட்டும் அப்படியே விட்டேன்" என்றாள். பொய் சொல்லத் தெரியாதவர்கள் பொய் சொன்னால் இப்படித்தான் இருக்கும்.

டாக்டரம்மாவுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "உனக்கு என்ன தலையெழுத்து? பாக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொன்னேன்? மூணு வருஷம், குட்டி! பசங்களோட பசங்களா உக்காந்து மூணு வருஷம்! உன்ன நம்பித்தானே குடுத்தேன்? ரத்தத்துல இப்படிப் பண்ணுவியா நீ?"

"ரத்தத்துல பண்ண மாட்டேன்" என்றாள் குட்டி. "முடிச்சுட்டு எதேச்சையா திறந்தேன் அண்ணி. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல வந்து நின்னுச்சு. நீங்க போட்டதும் நான் போட்டதும் எங்கயோ இருக்கு. நீங்க படிச்சவங்க. நான் தப்பா போட்டு, அதனால உங்களுக்கு மார்க் போயிடுச்சுன்னா? அண்ணன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"இதுல தப்பே கெடையாது! நீ என்ன நெனைக்கிறியோ அதுதான் வேணும்! அதத்தானே கேட்டேன்!"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீங்க ஒரு பரீட்ச மாதிரியில்ல குடுத்தீங்க?"

டாக்டரம்மா கைப்பையை மேசைமேல் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோபம் இறங்கவில்லை, ஆனால் பழக்கதோஷம், எந்தெந்த இடங்களில் மாற்றினாள் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கோப்பைத் திறந்து ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பையும் தன்னுடையதையும் பக்கத்தில் வைத்தாள். இவள் ஆறுதல் என்று போட்ட இடங்களில் பாதிக்கு மேல் குட்டி விரட்டல் என்று போட்டிருந்தாள். உதவி என்று போட்டதிலும் பல இடங்களில் விரட்டல்.

ஒரு துண்டை ஓடவிட்டாள். எழுத்தரின் குரல் நல்ல மென்மையான குரல். "வந்துரும்மா, கவலப்படாதீங்க. அடுத்தவங்க வாங்க."

"இது விரட்டலா?" என்றாள். "கவலப்படாதீங்கன்னு சொல்றாரே! என்னா கனிவா சொல்றாரு!"

"சொல்றாரு. அதே மூச்சுல அடுத்தவங்க வாங்கங்கிறாரே அண்ணி."

"வரிசை நிக்குது, வேற என்ன சொல்லுவாரு? எரிஞ்சு விழல, முகம் சுளிக்கல. உள்ள உக்காந்து பாத்தா தெரியும், ஒரு நாளைக்கு எரநூறு பேரு..."

"நான் உள்ள உக்காந்து பாத்ததில்லயே" என்றாள் குட்டி. "நான் வெளிய நின்னிருக்கேன்."

"எப்ப?"

குட்டி நறுக்கிய காயை ஒரு பாத்திரத்தில் அள்ளிப் போட்டாள். அதை ஏன் இப்போது செய்கிறாள் என்று டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை.

"அவரு போன அடுத்த வாரம்" என்றாள் குட்டி. "ஆஸ்பத்திரியில என்னமோ ஒரு சீட்டு குடுத்தாங்க. அத என்ன பண்றதுன்னு தெரியல. வீட்ல இருக்க முடியல. உங்ககிட்ட கேக்கலாம்னு ஆபீசுக்கு வந்தேன்."

"என் ஆபீசுக்கா? என்கிட்டயா?"

"உள்ள விட மாட்டேன்னுட்டாரு வாசல்ல இருந்தவரு. வரிசையில நில்லுன்னாரு. நின்னேன். ஒன்றரை மணி நேரம்."

"எந்த சன்னல்ல?"

குட்டி அவளைப் பார்த்தாள். "ரெண்டுதான். வேற எதுக்கு நிப்பேன்?"

டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள்.

"கிட்ட வந்ததும் குரலே வரல. 'இறப்புச் சான்றிதழுக்கு...'ன்னேன். நீங்க எதையோ எழுதிக்கிட்டிருந்தீங்க. 'ஆஸ்பத்திரியிலருந்து எங்களுக்கு வந்துரும்மா, கவலப்படாதீங்க, ஒரு வாரம் கழிச்சு வாங்க'ன்னீங்க. நல்லாத்தான் சொன்னீங்க, குத்தம் சொல்ல முடியாது. அப்பறம் 'அடுத்து'ன்னீங்க. நிமிரவே இல்ல."

"ஏன்டி கூப்பிடல? அண்ணின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"வாய் வரைக்கும் வந்துச்சு. பின்னாடி அவ்வளவு பேரு. உங்களுக்கு அசிங்கமா போயிடுமேன்னு வந்துட்டேன். அன்னைக்கு சாயங்காலம் நீங்களே அந்த சீட்ட எடுத்து, அத்தனையும் நீங்களே முடிச்சுக் குடுத்தீங்க. அதுக்கு மேல என்ன இருக்கு சொல்றதுக்கு?"

டாக்டரம்மா அந்த நாளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். மாலையில் சீட்டை வாங்கியது ஞாபகம் வந்தது. "முன்னாடியே என்கிட்ட சொல்லக் கூடாதா, அஞ்சு நிமிஷ வேலை" என்று தான் சொன்னதும், குட்டி தலையாட்டியதும்கூட ஞாபகம் வந்தது. சன்னல் மட்டும் வரவில்லை. எவ்வளவு தேடினாலும் அங்கே ஒரு முகம் இல்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. வாய்விட்டே சொன்னாள்: "எனக்கு வெக்கமா இருக்கு குட்டி."

"அய்ய, நான் அதுக்காகச் சொல்லல" என்று குட்டி பதறினாள். "இதுக்குத்தான் சொல்லாம இருந்தேன்."

மறுநாள் காலை முதல் வேலையாக ஏன் மேடத்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள், சன்னல் சமாசாரம் உட்பட. ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பை வைத்துக் கணக்குப் போட்டிருந்தாள். புள்ளி நான்கு இரண்டு.

ஏன் மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். "இதச் சொன்னீங்கன்னா வியாழக்கிழமை உறுதி பண்ண மாட்டாங்க. தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"உங்க விடுப்பு?"

"முடிஞ்சிடும்."

"தள்ளி வைக்கக் கேக்கலாம்."

"தள்ளி வச்சாலும் ஒண்ணாம் தேதி வந்துடும் மேடம்."

"சரி. அப்ப முதல் பக்கத்துலயே போடுங்க. ஒளிச்சு வச்சுக் கடைசில காட்டாதீங்க, அவங்களுக்குக் கோவம் வரும்" என்றார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை அப்படியே நடந்தது. நீள மேசை, மூன்று பேர், ஒரு தண்ணீர்க் குடுவை. டாக்டரம்மா எழுந்து முதல் பக்கத்தைத் திரையில் போட்டாள். அதில் இரண்டு எண்கள். ஒன்று எப்படி வந்தது, இன்னொன்று எப்படி வந்தது என்று சொன்னாள். கோப்பை மறைத்து அனுப்பியது தன் தவறு என்றாள். வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒரு துண்டை ஓடவிடச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இதுக்கு இப்ப நீங்க என்ன முத்திரை போடுவீங்க?" என்றார்.

"நான் போடக் கூடாதுங்க சார். நான் பன்னெண்டு வருஷம் உள்ள இருந்தவ. எனக்கு அது ஆறுதலாத்தான் கேக்குது. இப்பவும் அப்படித்தான் கேக்குது. அதுதான் பிரச்சனையே."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். அவளை வெளியே நிற்கச் சொன்னார்கள். கால் மணி நேரத்தில் கூப்பிட்டு முடிவைச் சொன்னார்கள். நேர்மையைப் பாராட்டுகிறோம், உறுதி செய்யவில்லை. வீட்டாரும் கூடாது, எழுத்தர்களும் கூடாது, புதிதாக இரண்டு பேரை வைத்து எல்லாவற்றையும் திரும்பச் செய்து, ஆறு மாதத்தில் வரவும். நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். மாணவர் அறைக்குப் போய் அரை மேசையிலிருந்த புத்தகங்களை ஒரு பையில் அடுக்கினாள். இளைஞன் குடையை ஒதுக்கி வழிவிட்டான். அந்த இடத்தை விட்டுப் போவது அவளுக்கு வலித்தது. இருபது வயதில் வராத ஆசை அது, முப்பத்தொன்பதில் வந்தது. அது இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்தது குட்டி. அன்றைக்குக் கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தாள். "பாஸா?"

"இல்ல. ஒண்ணாம் தேதி ஆபீஸ்."

குட்டி அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டாள். "என்னாலதானே! நான் கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா? ஞாயித்துக்கிழமை போட்டத அப்படியே விட்டிருந்தா?"

டாக்டரம்மா பையை இறக்கி வைத்தாள். இந்தக் கேள்வியைப் பேருந்தில் அவளே தன்னிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். பதிலும் தெரிந்திருந்தது. சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"அப்படியே விட்டிருந்தா எனக்கு எண் கம்மியா வந்திருக்கும். வந்தா நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா? ரெண்டாவது ஆளுக்குப் பயிற்சி பத்தலன்னு எழுதுவோம். எங்க புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. உன்ன திரும்ப உக்கார வச்சு, இதப் பாரு, இது விரட்டல் இல்ல, ஆறுதல்னு ஒவ்வொண்ணா சொல்லிக் குடுத்திருப்பேன். நீயும் சரி அண்ணின்னு தலையாட்டியிருப்ப. எண் ஏறுற வரைக்கும் விட்டிருக்க மாட்டேன். நீ ரெண்டு மணி நேரத்துல பண்ணுனத நான் ரெண்டு வாரம் உக்காந்து பண்ணியிருப்பேன். அதுக்கு எனக்குப் பட்டமும் குடுத்திருப்பாங்க."

குட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. "அப்ப என்ன செய்யப் போறீங்க?"

"வேலைக்குப் போறேன். சனி ஞாயிறுல இதப் பாக்கறேன். எத்தன வருஷம் ஆகுமோ ஆகட்டும்." டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். "குட்டி, அன்னைக்கு வரிசையில நின்னது முழுசா எனக்குச் சொல்றியா? முத்திரையெல்லாம் வேணாம். ஆராய்ச்சிக்கும் இல்ல."

"இப்பவா?"

"உனக்கு வேற வேல இல்லன்னா."

குட்டி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டரம்மாவின் கை பழக்கத்தில் பேனாவைத் தேடிப் பைக்குள் போனது. "எழுதக் கூடாது" என்றாள் குட்டி. கை வெளியே வந்தது.

"காலைல பத்தரைக்கு வந்தேன். வீட்லருந்து எப்படிக் கெளம்பினேன்னே தெரியல. வரிசையில நிக்கும்போதுதான் குனிஞ்சு பாக்கறேன், ஒரு கால்ல என் செருப்பு, இன்னொரு கால்ல அவரோடது. பெருசா இருந்ததால இழுத்து இழுத்து நடந்து வந்திருக்கேன். அப்படியேதான் உங்க சன்னல் வரைக்கும் வந்தேன். தெரியுமா அண்ணி உங்களுக்கு?"

டாக்டரம்மாவுக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னாள்.